பிரிக்காத பிளாஸ்டிக் உறை

போன வாரம் மகன் புதுக் கார் எடுத்தான். ஒரகடத்தில் கார் கம்பெனியில் ஷிஃப்ட் பார்க்கிறவன். கதவைத் திறந்ததும் சீட்டின் பிளாஸ்டிக் உறை வாசனை குப்பென்று அடித்தது. ஒரே இழு, கிழித்துவிட்டேன். "இன்னாப்பா, ஒரு மாசமாவது இருக்கட்டுமே!" என்று கத்தினான். இருக்கட்டுமாம்! இருந்ததால் வந்த வினை எனக்கல்லவா தெரியும்.

தொண்ணூற்றொன்றில் நான் ஸ்ரீபெரும்புதூர் ஸ்டாண்டில் டாக்சி ஓட்டினேன். வாங்கிப் பதினோரு நாளே ஆன சின்ன வெள்ளைக் கார். மண்ணூரில் எனக்குப் பக்கத்து வீட்டுக்காரன் டேவிட்டும் டிரைவர்தான். அவனிடம் ஏறக்குறைய என் வயசில் ஒரு அம்பாசிடர். எது உசத்தி என்று ஸ்டாண்டில் தினமும் பட்டிமன்றம்.

"உன் வண்டில அஞ்சாவது ஆளு மூச்ச வெளிய போயி வுடணும்டா" என்பான்.

"உன்துல எல்லாருமே வெளிய எறங்கித் தள்ளணும்" என்பேன்.

பொய்யில்லை. வெயில் ஏறினால் அந்தக் கிழட்டு வண்டியின் பெட்ரோல் பம்ப் சூடாகி நின்றுவிடும்; ஈரத்துணி போட்டுக் காத்திருக்க வேண்டும். ஆனால் பின்சீட்டில் ஆள் படுத்து வரலாம். என்னுடையது எங்கேயும் நிற்காது. நானோ உறையைப் பிரிக்காமல், அதன்மேல் துண்டும் விரித்துச் சவாரி ஏற்றிய மகானுபாவன்.

ஜூன் மாதம், உச்சி வெயில். டேவிட் என் வீட்டுக்கு ஓடிவந்தான். அவன் மனைவி மேரியக்காவுக்குப் பனிக்குடம் உடைந்துவிட்டது. "பம்ப்ப நம்ப முடியாதுடா. உன் வண்டிய எடு."

என் கண்ணுக்குத் தெரிந்தது கறைபடாத அந்தப் புதுச் சீட்டுதான். "இதுல காலு நீட்ட முடியாது டேவிட்டு. உன்துலன்னா அக்கா படுத்துக்கினு வரும்" என்றேன். கேட்பதற்கு எவ்வளவு நல்ல பேச்சு! நம்பிவிட்டான். நானும் கூடவே ஏறிக்கொண்டேன்.

சுங்குவார்சத்திரம் தாண்டி வண்டி நின்றது. துணியை நனைத்து நனைத்துப் போட்டேன். பின்னால் அக்கா அலறினாள். காஞ்சிபுரம் போய்ச் சேர்ந்தும் பிள்ளை தக்கவில்லை. "அரை மணி முன்னாடி வந்திருக்கக் கூடாதா?" என்றாள் நர்ஸ்.

அன்று சாயங்காலமே உறையைக் கிழித்தெறிந்தேன். என்ன பிரயோஜனம்?

அந்த ஸ்டாண்ட் இப்போது இல்லை. இரண்டு வண்டியும் பழைய இரும்புக்குப் போயின. டேவிட் கடைசிவரை தன் வண்டியைத்தான் திட்டினான். நானும் திட்ட விட்டேன். போன வருஷம் அவனும் போய்விட்டான்.

மகனின் காரைக் காட்ட மேரியக்கா வீட்டுக்குப் போனேன். பின்சீட்டைத் தடவிப் பார்த்தாள். "அன்னிக்கி நான் படுத்துக்கினு வரட்டும்னு நெனச்சது நீ ஒருத்தன்தான் தம்பி" என்றாள்.

"ஏறுங்கக்கா" என்றுதான் எனக்குச் சொல்ல வந்தது.