எட்டு விரிப்பில் ஒரு கடல்

“கடல் யார் வீட்டிலாவது கிடைக்குமா?” என்று டீச்சர் கேட்டபோது கையைத் தூக்கியவள் நான்தான். ஐந்தாம் வகுப்பு. கேள்வி முடிவதற்குள் கை மேலே போய்விடுகிற ரகம் நான். அந்தக் கையால் எங்கள் வீட்டில் அவதிப்படாதவர் யாருமில்லை. அந்தத் தடவை மாட்டிக்கொண்டவர் சித்தப்பா.

மட்டாஞ்சேரியில் எங்கள் பள்ளிக்கூடத்து ஆண்டுவிழா என்றால் மகாபலி வருவார், வாமனன் வருவான், குடை பிடிக்கிறவன் நின்றபடியே தூங்கி விழுவான். அந்த வருஷம் மட்டும் டீச்சருக்கு வேறு யோசனை. இங்கிலாந்தில் கடலோரம் இருக்கிற ஒரு குக்கிராமத்தின் வரலாற்றை, ஆதி முதல் இன்று வரை, இருபது நிமிஷத்தில் நடத்திக் காட்ட வேண்டும் என்றார். ஹெட்மாஸ்டர் ஏன் என்று கேட்டாராம். மதாம்மாவுக்காக என்றாராம்.

வெள்ளைக்காரப் பெண்களை எங்கள் ஊரில் மதாம்மா என்றுதான் சொல்வோம். இந்த மதாம்மா வருஷா வருஷம் கிறிஸ்துமஸ் முடிந்ததும் குளிருக்குத் தப்பித்து வந்து படகுத்துறைப் பக்கம் ஒரு ஓட்டலில் இரண்டு மாதம் தங்குவார். ஓய்வு பெற்ற வாத்தியாரம்மா. சும்மா உட்கார முடியாமல், செவ்வாயும் வெள்ளியும் எங்களுக்கு இங்கிலீஷ் சொல்லிக்கொடுக்க வந்துவிடுவார். பாடப் புத்தகத்தைத் திறந்ததாக எனக்கு ஞாபகமில்லை. அவருடைய ஊர்க்கதைதான் பாடம்.

முதல் வேலையாகக் கரும்பலகையில் ஊரை வரைவார். கீழே கடல், மேலே தெருத்தெருவாக வீடுகள், நடுவில் சர்ச். ஆரம்பத்தில் அங்கே நாலு குடிசையும் மீன்வலையும்தானாம். பிறகு துறவிகள் வந்து கல்லில் சர்ச் கட்டினார்கள். துறைமுகம் வந்தது, சந்தை வந்தது, கப்பல் வந்தது. அப்புறம் ஒரு பெரும்புயல் அடித்துத் துறைமுகத்தின் வாயைக் கூழாங்கல்லால் அடைத்துவிட்டுப் போனது. கப்பல்கள் வேறு ஊரைப் பார்த்துப் போய்விட்டன. நம்ம கொச்சி அழிமுகமே, கடலுக்குள் போகிற அந்த வாயே, ஒரு வெள்ளத்தில்தான் திறந்தது என்று டீச்சர் நடுவில் மலையாளத்தில் சொன்னார். அங்கே மூடினதும் இங்கே திறந்ததும் ஒரே கடலின் வேலை என்று நாங்களாகவே முடிவு கட்டி, மதாம்மாவிடம் கொஞ்சம் பணிவாக நடந்துகொள்ள ஆரம்பித்தோம்.

அதற்கப்புறம் வந்தார்கள் கள்ளக்கடத்தல்காரர்கள். சாராயம், தேயிலை, மிளகு எல்லாவற்றையும் படகில் கொண்டுவந்து சர்ச்சின் நிலவறையில் ஒளிப்பார்களாம். மிளகு என்றதும் வகுப்பே கைதட்டியது. மட்டாஞ்சேரியைத் தவிர வேறு எங்கிருந்து போயிருக்கும்! கொச்சங்காடியில் மிளகு மூட்டை அடுக்குகிற கிடங்குக்குப் பின்னால்தான் எங்கள் வீடு என்பதால் நான் கூடுதலாகவே பெருமைப்பட்டுக்கொண்டேன். பிறகு, தலை முதல் கால் வரை துணி சுற்றிக்கொண்டு கடலில் குளிக்க வந்த பட்டணத்துச் சீமாட்டிகள். பிறகு உலக யுத்தம், கரையில் கான்கிரீட் காவலறை, தொப்பி போட்ட சிப்பாய்கள்.

இத்தனைக்கும் நடுவில் கடல் தன் பாட்டுக்கு ஊரைத் தின்றுகொண்டே இருந்தது. ஒவ்வொரு நூற்றாண்டு முடியும்போதும் மதாம்மா ஒரு தெருவை உள்ளங்கையால் சரக்கென்று அழிப்பார். கடைசித் தெரு வரும்போது மட்டும், அழிப்பதற்கு முன்னால், அதில் ஒரு சின்ன வீட்டைப் பொறுமையாக வரைவார். இரண்டு புகைபோக்கி, பக்கத்தில் ஒரு மரம், வாசலில் ஒரு படிக்கட்டு. வரைந்து முடித்து அதை ஒற்றை விரலால் அழிப்பார், முதலில் மரத்தை, பிறகு புகைபோக்கிகளை. அழிக்கப் போகிற வீட்டுக்கு எதற்கு இத்தனை வேலைப்பாடு என்று நாங்கள் முழங்கையால் இடித்துக்கொண்டு சிரிப்போம். வயசாகிவிட்டதால் கை வலிக்கிறது போலிருக்கிறது என்று நான் எல்லோருக்கும் விளக்கம் கொடுத்தேன்.

இந்தக் கடலைத்தான் டீச்சர் கேட்டார். நீலத் துணி வேண்டும், மேடை முழுக்க வேண்டும், எட்டுப் பேர் பிடித்து அலையடிக்க வேண்டும். நான் கையைத் தூக்கினேனா, உடனே கடலின் தலைமைப் பொறுப்பும் எனக்கே வந்தது.

என் சித்தப்பாவுக்குச் சலவைத்துறையான தோபிகானாவில் வேலை. ஓட்டல் துணிகளை அங்கே வெளுத்துக் கொண்டுவருவார், வீட்டில் அம்மா இஸ்திரி போடுவாள். இரட்டைக் கயிற்று முறுக்கில் முனையைச் சொருகி, கிளிப்பே இல்லாமல் வரிசையாகக் காயப்போட்ட விரிப்புகளில் காற்று புகுந்தால் அசல் அலைதான். வெள்ளையாக இருக்கிறது என்பது ஒன்றுதான் குறை.

நான் விஷயத்தைச் சொன்னபோது சித்தப்பா கப்பைக்கிழங்கும் மீன்கறியும் சாப்பிட்டுக்கொண்டிருந்தார். “கடல் வேணும்னா உங்க டீச்சரை ரோட்டைத் தாண்டிப் போய்ப் பார்க்கச் சொல்லு மோளே. ஓசிலயே கிடக்கு” என்றார். நான் அவருடைய பலவீனம் தெரிந்தவள். சரி, சித்தப்பாவால முடியாதாம்னு டீச்சர்கிட்ட சொல்லிடறேன் என்று எழுந்தேன். பாதிச் சாப்பாட்டில் அவர் கை நின்றுவிட்டது. முடியாது என்று எவன் சொன்னான் என்றார்.

அம்மாதான் ஒத்துக்கொள்ளவில்லை. அந்த நேரத்தில் கையில் இருந்தது ஒரே ஓட்டலின் புது விரிப்புகள், அதுவும் மதாம்மா தங்கியிருந்த ஓட்டல். அதன் மேனேஜர் பொல்லாதவர். எங்களுக்கு முன்னால் வெளுத்தவரை ஒரு துருக்கறைக்காக அன்றைக்கே நிறுத்தினவர். அந்த ஓட்டல் துணி நின்றால் எங்கள் வீட்டு அடுப்பும் நின்றுவிடும். இஸ்திரிப் பெட்டியைத் தூக்கிப் பிடித்தபடியே அம்மா, “அந்த ஆள் கண்ணுல பட்டுச்சுன்னா நாம எல்லாரும் தெருவுலதான்” என்றாள்.

அவர் எதுக்கு அண்ணி பிள்ளைங்க நாடகத்துக்கு வரப்போறார் என்று சித்தப்பா அடித்துச் சொல்லிவிட்டார். செவ்வாய் சாயங்காலம் நாடகம், புதன் மதியம் விரிப்புகளைக் கொடுத்தால் போதும். ஒரு சொட்டு நீலம் என்றால் வெள்ளை பளிச்சென்று இருக்கும், ஒரு பாட்டில் நீலம் என்றால் கடல். இரண்டு தண்ணியில் அலசினால் பழையபடி வெள்ளை. எட்டு விரிப்பையும் நீலத்தில் முக்கி எடுத்து, ஒன்றோடு ஒன்று ஓட்டுத் தையல் போட்டு இணைத்தார். ஒவ்வொரு விரிப்பிலும் ஒரு மூலையில் அந்த ஓட்டலுக்கான குறி உண்டு, சிவப்பு நூலில் இரண்டு கோடும் ஒரு வளையமும். ஏழு குறியைத் தையலுக்குள் மடித்து மறைத்துவிட்டார். எட்டாவது, கடலின் முன் மூலையில், என் பிடிக்குள். நாடகம் முடிகிற வரை அந்தக் கையைத் திறக்கக் கூடாது என்று என் தலையில் அடித்துச் சத்தியம் வாங்கினார்.

செவ்வாய்க்கிழமை வந்தது. எனக்கோ காலையிலிருந்தே கால் தரையில் நிற்கவில்லை. பள்ளி முற்றத்தில் பந்தல், மேடை, ஐஸ் வண்டி, அக்கம்பக்கத்து ஜனம் முழுக்க. வீடுகளாக நடித்தவர்கள் அட்டைக்கூரையைத் தலையில் கட்டிக்கொண்டு நின்றார்கள். சர்ச்சாக நடித்தவன் கையில் வெங்கல மணி. ஆட்கள் கண்ணில் படும்போதெல்லாம் அடிக்க வேண்டும் என்பது அவனுக்கு இடப்பட்ட உத்தரவு. எந்த ஆட்கள் என்று யாரும் சொல்லித்தராததால் அவன் நிறுத்தவே இல்லை. இரண்டு புகைபோக்கி வீடு, குஜராத்தித் தெருவிலிருந்து வருகிற என் சிநேகிதி. கடைசியாக மூழ்க வேண்டியவள் என்பதால் மேடையின் முன் விளிம்பில் அவளுக்கு இடம்.

திரை விலகியது. முன்வரிசையில் மதாம்மா, வெள்ளைக் குர்தாவில். அவருக்குப் பக்கத்து நாற்காலியில், கால்மேல் கால் போட்டுக்கொண்டு, ஓட்டல் மேனேஜர்!

மதாம்மாதான் பெருமையாகக் கூட்டிவந்திருக்கிறார், பாவம். நான் மூலையை இன்னும் இறுக்கிப் பிடித்தேன். பந்தல் ஓரத்தில் ஐஸ் வண்டிக்குப் பின்னால் சித்தப்பாவின் தலை தெரிந்தது, அடுத்த நொடி தெரியவில்லை.

நாடகம் அது பாட்டுக்கு நடந்தது. துறவிகள் வந்தார்கள், சந்தை கூடியது, ஒன்பது கடத்தல்காரர்கள் நிஜ மிளகு மூட்டையோடு வந்து தும்மினார்கள். மைக்கில் ஒரு பையன் நூற்றாண்டுகளைப் படிக்கப் படிக்க நாங்கள் அலையடித்துக்கொண்டே முன்னால் நகர்ந்தோம். வீடுகள் ஒவ்வொன்றாகக் கடலுக்கடியில் குந்தி உட்கார்ந்தன. சர்ச்சும் உள்ளே போனது, உள்ளேயிருந்தும் மணி அடித்தது. ஜனம் விழுந்து விழுந்து சிரித்தது. வியர்வையில் நீலம் கரைந்து என் முழங்கை வரை வழிந்துகொண்டிருந்தது.

மிச்சம் இருந்தது ஒரே ஒரு வீடு. அதை மூழ்கடிக்க, நான் விளிம்புவரை போய், மூலையை இரண்டு கையாலும் விரித்துத் தூக்கி, அவள் தலைக்கு மேலாகப் போட வேண்டும். விரித்தால் சிவப்பு நூல் நேராக மேனேஜரின் மூக்குக்கு எதிரே பறக்கும். நான் நின்றுவிட்டேன். டீச்சர் ஓரத்திலிருந்து போ, போ என்றார். மைக் பையன் கடைசி வரியை இரண்டாம் தடவை படித்தான். “முக்குடி சீக்கிரம், கழுத்து வலிக்குது” என்று வீடே கெஞ்சியது.

என்னால் முடியவில்லை. கண்ணுக்கு முன்னால் அம்மாவும் இஸ்திரிப் பெட்டியும் தெருவில் நிற்கிற மாதிரி இருந்தது. மூலையை நெஞ்சோடு இறுக்கிக்கொண்டு ஒரு அடி பின்னால் வைத்தேன். முன் மூலை எங்கே போகிறதோ அங்கே மற்ற ஏழு பேரும் போக வேண்டும் என்பது பயிற்சி. அவர்களும் பின்வாங்கினார்கள். இன்னொரு அடி. கடல் திரும்பிப் போக ஆரம்பித்தது.

உள்ளே குந்தியிருந்த வீடுகள் வெளிச்சத்துக்கு வந்தன. என்ன செய்வதென்று தெரியாமல் ஒன்றையொன்று பார்த்துக்கொண்டன. ஒன்று எழுந்து நின்றது. அதைப் பார்த்து அடுத்தது எழுந்தது. தெரு எழுந்தது. அடுத்த தெரு எழுந்தது. சந்தைக்காரர்கள் கூடையோடு எழுந்தார்கள். சர்ச்சைப் பற்றிச் சொல்லவே வேண்டாம், ஊரையே ஒருசேரப் பார்த்த சந்தோஷத்தில் மணி உடையும்படி அடித்தான். எல்லோர் முகத்திலும் நீலம். நான் பின்சுவரில் முட்டி நின்றபோது மேடையில் ஒரு வீடு பாக்கியில்லாமல் மொத்த ஊரும் நின்றுகொண்டிருந்தது.

அப்பா, அந்தக் கைதட்டல்! பந்தலே ஆடியது. நான் மட்டும், எல்லாம் போச்சு, நாடகத்தைக் கெடுத்துவிட்டேன் என்று விசும்பிக்கொண்டிருந்தேன். மதாம்மா கிடுகிடுவென்று மேடை ஏறினார். இரண்டு புகைபோக்கி வீட்டை அப்படியே கட்டிக்கொண்டார், குர்தாவெல்லாம் நீலம். சிரிக்கிறாரா அழுகிறாரா என்று சொல்ல முடியாத முகம். பிறகு நேராக என்னிடம் வந்து என் மூடிய கையைப் பிடித்தார். பிரித்துப் பார்க்கத்தான் வருகிறார் என்று நான் பல்லைக் கடித்துக்கொண்டு இறுக்கினேன். அவர் குனிந்து அந்த முஷ்டியில் முத்தம் கொடுத்தார். தேங்க்யூ, தேங்க்யூ என்றார். ஊரை மூழ்கடிக்கச் சொன்னால் பாதியில் ஓடிவந்தவளுக்கு எதற்கு நன்றி? வெள்ளைக்காரர்கள் எதற்கெடுத்தாலும் தேங்க்யூ சொல்வார்கள் என்று சமாதானம் செய்துகொண்டேன்.

மறுநாள் சித்தப்பா இரண்டு தண்ணி அல்ல, ஐந்து தண்ணி அலசினார். புதன் மதியம் விரிப்புக் கட்டோடு ஓட்டலுக்குப் போனபோது நானும் ஒட்டிக்கொண்டேன். மேனேஜர் மேல் விரிப்பைத் தடவிப் பார்த்தார், முகர்ந்து பார்த்தார். “கடல் நல்லா வெளுத்திருக்கு. கொள்ளாம், பரவாயில்லை” என்றார். அடுத்த வருஷம் கடல் வேண்டுமென்றால் ஸ்டோரில் பழசு கிடக்கிறது, புதுசை எடுக்காதே என்று சொல்லிவிட்டு உள்ளே போனார். திரும்பும் வழியில் சித்தப்பா எனக்குச் சாயாவும் இரண்டு பழம்பொரியும் வாங்கிக்கொடுத்தார்.

எனக்கு இப்போது அந்த வயதில் ஒரு மகள் இருக்கிறாள். போன மாதம் டீச்சர் போன் செய்தார். மதாம்மா பள்ளிக்கூடத்து முகவரிக்கு ஒரு புத்தகம் அனுப்பியிருந்தார். தள்ளாத வயதில் உட்கார்ந்து தன் ஊர் வரலாற்றை ஒரு வழியாக எழுதி முடித்துவிட்டார். மெல்லிசான புத்தகம். துறவிகள், சந்தை, கடத்தல்காரர்கள் எல்லோரும் இருந்தார்கள். கடைசிக்கு முந்தின பக்கத்தில் ஒரு பழைய கறுப்பு வெள்ளைப் படம். ஒரு மரம், இரண்டு புகைபோக்கி வைத்த சின்ன வீடு. வாசற்படியில், முன்பல் விழுந்த ஒரு பெண்குழந்தை வெயிலுக்குக் கண்ணைச் சுருக்கிக்கொண்டு உட்கார்ந்திருந்தது. கீழே மதாம்மாவின் பெயர், வயது ஆறு. கடைசிப் பக்கத்தில் எங்கள் மேடை, நீல முகத்தோடு மொத்த ஊரும்.

முதல் தாளில் நடுங்குகிற கையெழுத்தில் எழுதியிருந்தார்: திரும்பிப் போன கடலுக்கு, அன்புடன்.

நான் அழுதுவிட்டேன். அப்புறம் புத்தகத்தை எடுத்துக்கொண்டு சித்தப்பாவிடம் ஓடினேன். அவர் கண்ணாடியைப் போட்டுக்கொண்டு அந்த வீட்டை வெகுநேரம் பார்த்தார். மரத்தில் கட்டியிருந்த துணிக்கொடியில் விரல் வைத்து, ரெண்டு விரிப்புக்கு எட்டு கிளிப் போட்டிருக்காங்க பாரு என்றார்.

மேனேஜருக்குப் பயந்துதான் பின்வாங்கினேன் என்று மதாம்மாவுக்கு உண்மையை எழுதிவிடட்டுமா என்று கேட்டேன்.

“கையைத் திறக்காதேன்னு அன்னிக்கே சத்தியம் வாங்கினேனா இல்லையா?” என்றார் சித்தப்பா.