ஆனாக்கா வாய் திறக்காத அரைமணி

மாலை நாலரை மணிக்குச் செய்தி வந்தது. மருத்துவமனையிலிருந்து அண்ணன், "அண்ணி போயிட்டாம்மா" என்று மட்டும் சொன்னார். இருட்டுவதற்குள் தெருவே வாசலில் நின்றது. வந்தவர்களில் பாதிப் பேர் அண்ணியோடு ஒருமுறையாவது மல்லுக்கு நின்றவர்கள். அழுதுகொண்டே அந்தச் சண்டைகளைத்தான் சொன்னார்கள். சொல்லும்போதே சிரிப்பும் வந்துவிட்டது.

அண்ணி தையற்காரி. வீட்டு முன்னறைதான் கடை. சாயப்பட்டறை எதிர்ப்புக் குழுவில் அவருக்கு ஆனாக்கா என்று பெயர். யார் எதைச் சொன்னாலும் "சரிதான், ஆனா..." என்று ஆரம்பிப்பார். அதன் பிறகு கூட்டம் லேசில் முடியாது.

பட்டறைக் கழிவு எங்கள் தெருக் குழாயில் ஒருநாள் நீலமாகவும் ஒருநாள் ஊதாவாகவும் வந்தது. குழுவைத் தொடங்கியவர்களில் அண்ணியும் ஒருவர். ஆனால் 'பட்டறையை மூடு' என்று கோரிக்கை முடிவானபோது, "மூடச் சொல்லாதீங்க, சுத்தம் பண்ணச் சொல்லுங்க" என்று எழுந்து நின்றார். அண்ணன் அந்தப் பட்டறையில்தான் கொதிகலன் பார்க்கிறார். சொல்ல வேண்டுமா?

"மொதலாளிக்குச் சம்பந்தி" என்றது பின்வரிசை.

"சம்பந்தின்னா ஒருநாளாவது வீட்டுக்கு வந்திருக்கணுமே. போட்டு வச்ச காபி ஆறிப்போச்சு" என்றார் அண்ணி.

நானும் மூடச் சொன்ன கட்சிதான். சாப்பிடும்போது நாத்தனாரும் அண்ணியும் வாதாடுவோம். அண்ணன் தட்டைவிட்டுத் தலை நிமிர மாட்டார்.

அடுத்த ஞாயிறு ஆனாக்காவைக் குழுவிலிருந்து நீக்குவது பற்றி வாக்கெடுப்பு என்று தலைவர் அறிவித்தார். தலைவர் மருந்துக்கடை வைத்திருப்பவர். அவருடைய கஷ்டம், தெருவில் வேறு தையல்கடை கிடையாது. அந்த வாரமே புது பேன்ட்டின் கால் மடிக்க வந்து ஸ்டூலில் ஏறி நின்றார். அண்ணி கீழே உட்கார்ந்து, உதடுகளுக்கிடையில் குண்டூசிகளைக் கவ்விக்கொண்டு துணியை மடிக்க ஆரம்பித்தார். நான் இஸ்திரி போட்டுக்கொண்டிருந்தேன். ஆனாக்காவால் வாய் திறக்க முடியாது என்பது தலைவருக்குச் சட்டென்று உறைத்துவிட்டது.

"உன்ன நீக்குறதுல எனக்கென்னம்மா சந்தோஷம்?"

"ம்."

"ம்னா? என் பேத்தி ராத்திரியெல்லாம் சொறிஞ்சுக்கிட்டே கெடக்குறா. கடை நெறைய களிம்பு வச்சிருக்கேன், ஒண்ணும் கேக்கல. சுத்தம் பண்றேன்னு மொதலாளி ரெண்டு தடவ எழுதிக் குடுத்தான், பண்ணானா? இன்னொரு தடவ நம்ப எனக்குத் தெம்பு இல்ல."

அரைமணி நேரம் பேசினார். இரண்டு காலும் மடித்து முடிந்தது. மிச்சமிருந்த குண்டூசிகளை அண்ணி ஒவ்வொன்றாக எடுத்தார். நான் 'ஆனா'வுக்குக் காத்திருந்தேன்.

"இத ஏண்ணே கூட்டத்துல சொல்லல?"

"எங்க சொல்ல விட்ட? வாயத் தொறந்தாலே ஆனாங்குற."

அண்ணி சிரித்துவிட்டார். "நானும் ஒண்ணு சொல்லல. பட்டறைய மூடுனா இவரு அம்பது வயசுக்கு மேல எவன் கதவத் தட்டுவாரு? அந்தப் பயந்தான் வெளிய வரும்போது ஆனான்னு வருது."

"இத நீ மொதல்லயே சொல்லியிருக்கலாம்."

"அதுக்குள்ளதான் சம்பந்தி ஆக்கிட்டீங்களே."

"அது நான் இல்லம்மா, பின்வரிசை."

"அசையாதீங்க, குத்திரும்."

இருவரும் தங்கள் கருத்தை மாற்றிக்கொள்ளவில்லை. ஞாயிற்றுக்கிழமை வாக்கெடுப்பு மட்டும் நடக்கவில்லை. "ஆனாக்கா இருக்கட்டும்பா. பட்டறைக்காரன் நாளைக்குக் கேக்கப்போறத இன்னிக்கே ஓசியில கேக்குறாங்க" என்றார் தலைவர். முன்னறையில் நடந்ததையும் அவரே சொல்லிவிட்டார். அன்றிலிருந்து கூட்டத்தில் யாராவது குறுக்கே பாய்ந்தால், பக்கத்தில் இருப்பவர் "குண்டூசி" என்பார். பாய்ந்தவர் உதட்டை மூடிக்கொண்டு எதிராளி முடிக்கும்வரை காத்திருக்க வேண்டும். அதிகம் குண்டூசி வாங்கியது நான்தான். எனக்குப் பெரும்பாலும் அண்ணியே கொடுத்தார்.

பட்டறைக்கு எதிரான ஊர்வலத்துக்கு, இரண்டு பக்கமும் துணியில் எழுத்து வெட்டித் தைத்த ஒரே பதாகை என்று முடிவாயிற்று. ஒரு பக்கம் 'மூடு', மறுபக்கம் 'சுத்தம் செய்'. எந்தப் பக்கம் வெளியே தெரியும் என்று கேட்டதற்கு, "காத்து அடிக்கிற பக்கம்" என்றார் அண்ணி. தன் பக்கத்தை முதலில் தைத்தால் ஓரவஞ்சனை என்பார்களாம். அதனால் எங்கள் பக்கத்தை முதலில் எடுத்துக்கொண்டார்.

ஊர்வலம் வருகிற ஞாயிறு. பதாகை மெஷின் மேல் கிடக்கிறது. 'மூடு' தைத்து முடிந்துவிட்டது. மறுபக்கத்தில் 'சுத்தம்' வரை வந்திருக்கிறது. 'செய்' இன்னும் வெட்டவில்லை.