வல்லாரையும் வெள்ளியும்

வல்லாரைச் சாற்றை வெள்ளி நைத்திரேற்றுக் கரைசலில் விட்டால் கண்ணுக்குத் தெரியாத வெள்ளித் துகள்கள் உண்டாகும். கரைசல் தேயிலைச் சாயம் மாதிரிப் பழுப்பானால் காரியம் கைகூடியது. அந்தத் துகள்களைப் புண் கட்டும் துணியில் ஏற்றி, கிருமி சாகிறதா என்று பார்ப்பதுதான் என் ஆய்வு. முதல் தடவை அழகாகப் பழுப்பேறியது. அதற்குப் பிறகு மூன்று மாதம், விட்ட மாத்திரத்தில் பால் போல வெள்ளையாகத் திரண்டு என் உயிரை வாங்கியது.

"எங்கயோ உப்புச் சேருது, தண்ணியைப் பாரும்" என்றார் பேராசிரியர். "மாதக் கடைசிக்குள்ள சரிவராட்டி உமக்கு இன்னொரு தவணை கேக்கேலாது."

தண்ணீரை மாற்றினேன். கண்ணாடி முகவைகளைக் கை எரியத் தேய்த்தேன். இலையை மட்டும் சந்தேகிக்கவில்லை. புசல்லாவையில், தேயிலைத் தோட்டத் தொழிலாளர் வரிசை வீடான எங்கள் லயத்து வாசலில் அம்மா வளர்த்து, கழுவி, வாராவாரம் பஸ்ஸில் கொடுத்தனுப்பும் இலை அது. ஆய்வுகூடத்தில் மறுபடி கழுவ வேண்டும்; முதல் தடவை மட்டும்தான் கழுவினேன். பிறகு, பளிச்சென்றுதானே இருக்கிறது என்று அப்படியே கொதிக்கவைத்துவிட்டு, காய்ச்சி வடித்த நீரில் மூன்று முறை கழுவியதாகக் குறிப்பேட்டில் எழுதிவந்தேன். பேராசிரியரும் அதை நம்பிவிட, ஆப்பசைத்த குரங்கு போல அந்தப் பொய்யில் மாட்டிக்கொண்டேன். ஆத்திரத்தை அம்மாவிடம் காட்டினேன். எனக்கே நம்பிக்கையில்லாமல், இலை சுத்தமாக இல்லை என்று போனில் கத்தினேன்.

மாதம் முடிய நான்கு நாள் இருக்கும்போது வீட்டுக்குப் போனேன். அம்மா பிளாஸ்டிக் பேசினில் தண்ணீர் விட்டு, வல்லாரையைப் போட்டு, கைநிறைய உப்பை அள்ளிப் போட்டார். பூச்சி போக எங்கள் லயத்தில் எல்லோரும் கீரையை அப்படித்தான் அலசுவார்கள். பிறந்ததிலிருந்து பார்த்தது என்பதாலேயே, பேராசிரியர் சொன்ன உப்பு இதுதான் என்பது எனக்கு அதுவரை உறைக்கவில்லை.

"என்னாம்மா செய்றீங்க?"

"நீதானே சுத்தமா இல்லன்னு சத்தம் போட்ட? அதான் இப்பல்லாம் மூணு வாட்டி உப்புத் தண்ணியில ஊறப் போடுறேன்."

எனக்கு அழுகை வந்தது. "இனிமே கழுவாதீங்கம்மா. மண்ணோடயே குடுங்க."

அம்மாவின் கை நின்றது. "மண்ணோடயா? தோட்டத்துப் புள்ள அழுக்கா கொண்டாந்திருக்குன்னு அங்க பேச மாட்டாங்களா?"

அதே பயத்தில்தான் நான் கண்டி டவுன்காரி என்றும் வல்லாரை சந்தையில் வாங்கியது என்றும் அங்கே எல்லோரிடமும் சொல்லிவைத்திருந்தேன். கரைசல் சரிவந்ததும் பேராசிரியர் காரணம் கேட்பார்; உப்பு எங்கிருந்து வந்தது என்று சொன்னால், நான் எங்கிருந்து வருகிறேன் என்பதையும் சொல்லியாக வேண்டும்.