மாப்பிள்ளை இருக்கிற வீடு

போன ஆவணி, வீட்டுக்காரி சினோரா தன்ரை கடற்கரை வீட்டுக்குப் போயிருந்த நேரம், என்ரை கடைசிப் பொடியன் கமராவைக் கொண்டுவந்து நீட்டினான். "ஐயா, இந்த வீடும் பூந்தோட்டமும் விழுற மாதிரி என்னை ஒரு படம் எடுங்கோ. பொம்பிளை வீட்டுக்கு அனுப்போணும்."

பலெர்மோவுக்கு வெளியிலை, சியாகுல்லிப் பக்கம், தோடை மரங்களுக்கை நிக்கிற பழைய பெரிய வீடு. அவன் அங்கை கூட்டித் துடைச்சு மரங்களுக்குத் தண்ணி விடுறவன்.

"அப்ப தண்ணிக் குழாயையும் பிடிச்சுக்கொண்டு நில்லடா" எண்டன்.

"விசர்க்கதை கதையாதேங்கோ ஐயா. றோல் முடியப்போகுது."

அவனுக்கென்ன தெரியும். இது ஊரிலை, எனக்கு ஏழெட்டு வயசிருக்கேக்கை நடந்தது. சின்னம்மாவுக்குக் கலியாணம் பேசி ஒரு தரகர் வந்தார். வாயிலை வெத்திலை இருந்தா மனிசன் கதைக்கமாட்டார், துப்பினா நிப்பாட்டமாட்டார். ரெண்டு படம் கொண்டந்தவர். ஒண்டிலை மாப்பிள்ளை, சுளகு மாதிரிக் காது. மற்றதிலை, தெற்கிலை காலிப் பக்கம் ஒல்லாந்தர் காலத்து வீடொண்டு. "பொடியன் இந்த வீட்டிலைதான் இருக்கிறான்" எண்டார்.

மாப்பிள்ளையை ஆர் பாத்தது? எல்லாரும் வீட்டைத்தான் பாத்தவை. தூண், படிக்கட்டு, தாமரைத் தொட்டி, கண்ணுக்கெட்டின மட்டும் பூங்கண்டு. ஒரு மிளகாய்க் கண்டு இல்லை. தின்னேலாத செடிக்கு இவ்வளவு தண்ணியோ எண்டு என்ரை ஐயா நாள் முழுக்க யோசிச்சார். எங்கடை பக்கம் தண்ணியெண்டா துலா மிதிக்கோணும், அது வேறை கதை.

சனம் வர வர சின்னம்மாதான் வீட்டுப் படத்தைக் காட்டுவா. ஒருத்தரின்ரை கையிலையும் குடுக்கமாட்டா. ஒருநாள் அவ குளிக்கப் போக, நான் எடுத்து மூலை மூலையாப் பாத்தன். வலப்பக்க மூலையிலை ஒரு குட்டி மனிசன், கையிலை பூவாளி. அதே சுளகுக் காது.

"மாப்பிள்ளை பூங்கண்டுக்குத் தண்ணி ஊத்திறார்!" எண்டு கத்தினன்.

ஐயா படத்தைப் பறிச்சு வெயிலிலை பிடிச்சுப் பாத்தார். இந்தக் கலியாணம் வேண்டாம் எண்டிட்டார். அந்த நேரம் தலையிலை துவாயோடை வந்தா சின்னம்மா. ஐயாவுக்கு முன்னாலை வாய் திறவாத மனிசி.

"வீட்டிலை இருக்கிறார் எண்டுதானே அத்தான் சொன்னவை. வீடு அவரின்ரை எண்டு ஆர் சொன்னது?"

அம்மா சிரிச்சிட்டா. அதோடை ஐயாவாலை கோவிக்கேலாமல் போச்சு. வைகாசியிலை கலியாணம் நடந்தது.

அவ ஏன் திடுக்கிடேல்லை எண்டதுதான் எனக்குப் புதினம். அண்டைக்கே படத்தைத் திரும்பவும் எடுத்துப் பாத்தன். முழுக்கப் பளபளப்பு. அந்த மூலை மட்டும் சின்னம்மாவின்ரை பெருவிரல் பட்டுப் பட்டு மங்கிக் கிடந்தது. ஆருக்குக் காட்டேக்கையும் அதிலைதான் பிடிக்கிறவ.

ஒரு படத்தை எப்பிடிப் பிடிக்கிறதெண்டே தெரியாத மனிசி எண்டு, அண்டைக்கு எனக்குச் சின்னம்மாவிலை சரியான கோவம்.