செயலாளர் வேட்டியில் ஓட்டை

படித்தவர்கள் மேல் எனக்குப் பெரிய மரியாதை இருந்தது, நானும் படித்து முடிக்கும்வரை.

வங்காளத்தில், லேக் மார்க்கெட் அருகே ஒரு பழைய நான்கு மாடிக் கட்டடத்தின் மொட்டை மாடி அறையில் குடியிருக்கிறோம். அப்பா டிபன் கடையில் தோசை சுடுகிறவர். அவரும் அம்மாவும் பள்ளிக்கூடம் போனதில்லை. நான் இயற்பியலில் பட்டம் வாங்கியவள். இதைச் சொல்லிக்கொள்ள எனக்குக் கூச்சம் இல்லை. இரண்டாம் மாடியில் இருக்கும் தமிழர், ஓய்வு பெற்ற பொறியாளர், தன் பட்டத்தைப் பித்தளையில் வெட்டி வாசற்கதவில் அறைந்திருக்கிறார். நான் வாயால்தானே சொல்கிறேன்?

அவர்தான் கட்டடக் கமிட்டியின் செயலாளர். அவர் மாடிக்கு வந்தால் அப்பா சாப்பாட்டுத் தட்டை வைத்துவிட்டு எழுந்து நிற்பார். அதைப் பார்க்கிறபோதெல்லாம் எனக்குப் பற்றிக்கொண்டு வரும்.

போன குளிர்காலத்தில் சூரிய அடுப்பு செய்வதென்று முடிவு செய்தேன். டாக்குரியாவில் ஒரு பழைய இரும்புக் கடையில் டிவி டிஷ் கிடந்தது. பஸ்ஸில் ஏற்றமாட்டேன் என்று கண்டக்டர் சொல்லிவிட்டதால், அப்பா அதைத் தலையில் கவிழ்த்துக்கொண்டு நடந்தே வந்தார். துருவைச் சுரண்டி, கண்ணாடிபோல் பளபளக்கும் வெள்ளித்தாளைப் பட்டை பட்டையாக வெட்டி, சுருக்கம் விழாமல் ஒட்டினேன். மூன்று நாள் ஆயிற்று. அதற்குள் அப்பா கடை முழுக்கச் சொல்லிவிட்டார்: “எம் பொண்ணு வெயில்லயே சோறாக்கப் போவுது.”

வரைபடம், சூத்திரம் எல்லாம் என்னிடம் சரியாக இருந்தன. ஆழத்தையும் அகலத்தையும் அளந்து, கணக்குப் போட்டு, டிஷ்ஷை நேராகச் சூரியனுக்குக் காட்டி, நடுவுக்கு எதிரே கரி பூசிய பானையைக் கட்டித் தொங்கவிட்டேன். இரண்டு மணி நேரத்தில் தண்ணீர் குழந்தையைக் குளிப்பாட்டும் சூட்டுக்கு வந்து அப்படியே நின்றது.

செயலாளர் கைகளைப் பின்னால் கட்டிக்கொண்டு வந்தார்.

“ஃபோகஸ்னா என்னன்னு தெரியுமாம்மா?”

“தெரியும் சார்.”

“சென்டர்ல இருக்கணும். சென்டர்லதான் வெச்சிருக்கே. அப்புறம் ஏன் கொதிக்கலை?” அவராகவே பதிலும் சொன்னார். “கை வேலைக்கு ஒரு பரம்பரை வேணும்மா. தோசைக்கல்லோட நிறுத்திக்கோ.”

அப்பா எழுந்து நின்றுகொண்டிருந்தார். சிரிக்கவும் செய்தார்.

“ஞாயித்துக்கிழமை வரைக்கும் டைம்,” என்றார் செயலாளர். “அதுக்குள்ள இதுல சோறு வேகணும். இல்லேன்னா கபாடிவாலாவைக் கூப்பிட்டு எடைக்குப் போட்டுடுவேன். பில்டிங் அழகே கெட்டுப் போறது.”

பில்டிங்கின் அழகு! கார்னிஸில் அரசங்கன்று ஆள் உயரத்துக்கு வளர்ந்திருக்கிறது. குழாய்களிலிருந்து பாசி தாடிபோல் தொங்குகிறது. என் டிஷ்தான் அங்கே துடைத்துச் சுத்தமாக இருந்த ஒரே பொருள்.

மூன்றாம் மாடி பௌதி, எங்களுக்கு வங்காளி அண்ணி, துணி காயப்போட வரும்போதெல்லாம், “கீ ரே, பாத் ஹோலோ?” என்று கேட்பாள். சோறு ஆயிற்றா என்று. அவள் சமையல்வாயு இல்லாமல் வெந்நீர்கூட வைத்தறியாதவள்.

வெள்ளிக்கிழமை வெறுத்துப்போய் டிஷ்ஷைத் தண்ணீர்த் தொட்டியின் திட்டில் ஏற்றிச் செங்குத்தாகச் சாய்த்துவிட்டு வேலைக்குப் போனேன். அது சூரியனைப் பார்க்கவில்லை, எதிர்வீட்டுச் சுவரைப் பார்த்தபடி நின்றது. மாலையில் படியேறும்போதே செயலாளரின் குரல் கேட்டது.

“புது வேட்டி! பாருங்கோ, கரையில ஓட்டை! வீட்டைக் கொளுத்தத்தான் இதைக் கொண்டு வந்தீங்களா?”

கொடியில் காய்ந்த வேட்டியின் நுனி காற்றில் பறந்து தொட்டியின் குழாயில் சிக்கியிருக்கிறது. சிக்கிய இடத்தில், பச்சைக் கரையில், எட்டணா அகலத்துக்குக் கருகிய ஓட்டை. அப்பா கைகூப்பி மன்னிப்புக் கேட்டுக்கொண்டிருந்தார்.

“எந்தக் குழாய் சார்?” என்றேன்.

“என்ன?”

“எத்தனை மணிக்கு?”

“திமிரா உனக்கு? ரெண்டரை மணி. இதோ, இந்தக் குழாய். இங்கே!” விரலை வைத்தே காட்டினார்.

அளந்தேன். அந்தக் குழாய் டிஷ்ஷின் நடுவுக்கு நேரே இல்லை, கீழ் விளிம்புக்கு நேராக மூன்று சாண் தள்ளி. அப்போதுதான் உறைத்தது. டிவி டிஷ் முழுக் கிண்ணம் இல்லை, பெரிய கிண்ணத்தின் ஓரத்திலிருந்து வெட்டிய துண்டு. நிமிர்ந்து நின்றுகொண்டே மேலிருந்து வருவதை வாங்கிக் கீழே குவிக்கும். குவியும் இடத்தைக் காட்டியிருக்கவேண்டிய கம்பியை இரும்புக்கடைக்காரன் அறுத்து எடுத்திருந்தான். எந்தத் தெருவில் அண்ணாந்தாலும் ஒரு டிஷ் அப்படித்தான் நிற்கிறது. பட்டதாரியான நான் கவனிக்கவில்லை. முப்பது வருஷம் பொறியாளராக இருந்தவரும் கவனிக்கவில்லை. என் மடத்தனத்தை நான் இரண்டு நாளில் மன்னித்துவிட்டேன். அவருடையதை மன்னிக்க அவசியம் ஏற்படவில்லை.

ஞாயிறு பத்து மணிக்குப் பனிமூட்டம் விலகியது. பானையைக் கீழ் விளிம்புக்கு எதிரே மூன்று சாண் தள்ளிக் கட்டி, டிஷ்ஷைக் கொஞ்சம் கொஞ்சமாகச் சாய்த்தேன். பானையின் கரிய வயிற்றில் வெளிச்சம் ஒரு ரூபாய்க் காசாகச் சுருங்கியதும் புகைந்தது. அரை மணியில் கொதி. ஒன்றேகால் மணி நேரத்தில் சோறு, அடியில் கொஞ்சம் குழைந்திருந்தது. பௌதி எட்டிப் பார்த்தாள். அன்று ஒன்றும் கேட்கவில்லை.

அப்பாவை உட்காரவைத்துச் சோறு போட்டு ரசம் ஊற்றியபோது செயலாளர் வந்தார். பானையைப் பார்த்தார். டிஷ்ஷைச் சுற்றி வந்தார்.

“நான்தான் சொன்னேனே, ஃபோகஸ்தான் விஷயம்னு. நம்ம தமிழ்க்காராளோட பொங்கல் விழால இதை வெச்சுடலாம். என் கைடன்ஸ்ல செஞ்சதுன்னு ஒரு போர்டு போட்டா நன்னாயிருக்கும்.”

“வைக்கலாம் சார்,” என்றேன். “அந்த வேட்டியையும் எடுத்துட்டு வாங்க. பானையை எங்க வைக்கணும்னு அதுலதான் குறிச்சிருக்கு.”

அவர் அப்பாவைப் பார்த்தார், மன்னிப்பு அந்தப் பக்கமிருந்து வருவதுதானே வழக்கம்.

அப்பா உட்கார்ந்தபடியே தட்டை என் பக்கம் நகர்த்தினார். “இன்னும் கொஞ்சம் போடும்மா,” என்றார்.