செங்கொடியின் எடை

எம்.கே.பி. நகர் குடியிருப்பில் கெங்கம்மாவைச் சூனியக்காரி என்று சொல்பவர்கள் உண்டு. கெங்கம்மாவுக்கு அந்த வார்த்தையே ஆகாது. சூனியம் வைப்பது வேறு, தூக்குவது வேறு என்பாள். அவள் பரம்பரைக்குத் தெரிந்தது ஒரே வித்தைதான்: எதையும் தொடாமல் மேலே தூக்குவது. இறக்கத் தெரியாது. இறக்கும் வித்தை ராயபுரத்து கஸ்பார் குடும்பத்திடம் இருந்தது. இப்படிப் பாதிப் பாதியாகப் பங்கு பிரித்த மகராசன் யாரென்று தெரிந்தால், கெங்கம்மாவின் மகள் செங்கொடி அவனை நாலு வார்த்தை நறுக்கென்று கேட்டிருப்பாள்.

செங்கொடிக்கு இருபது வயது. மெக்கானிக்கல் டிப்ளமோ முடித்துவிட்டு, எண்ணூர்ப் பக்கம் ஒரு கன்டெய்னர் யார்டில் கிரேன் ஓட்டும் பயிற்சிக்கு மனு போட்டிருந்தாள். எழுத்துத் தேர்வும் நேர்முகமும் தாண்டியாயிற்று. மருத்துவச் சோதனை ஒன்றுதான் பாக்கி. அன்று காலை அதற்குக் கிளம்பும்போது, கிரேன் கேபின் பன்னிரண்டு மாடி உயரத்தில் இருக்கும் என்று வாய் தவறிச் சொல்லிவிட்டாள்.

கெங்கம்மா கையை ஒரு தடவை உயர்த்தினாள். அடுத்த நிமிடம் மகள் தரைக்கு ஒரு முழம் மேலே நின்றாள்.

"இப்ப போ. எம்மா ஒசரத்துலேர்ந்து வுயுந்தாலும் தரையில பட மாட்டே" என்றாள் கெங்கம்மா.

செங்கொடி யோசித்துப் பார்த்தாள். அம்மா சொன்னதில் ஒரு தப்பும் தெரியவில்லை. ஒவ்வொரு படிக்கும் ஒரு முழம் மேலேயே நடந்து மூன்று மாடி இறங்கி, திருவொற்றியூரில் இருந்த கிளினிக்குக்குப் போனாள்.

அங்கே எடை மெஷின் சைபர் காட்டியது. டாக்டர் மெஷினைச் சந்தேகப்பட்டுத் தானே ஏறினார். தொண்ணூற்றொன்று காட்டியதும் அவசரமாக இறங்கிவிட்டார். அவள் கையில் ஒரு மணல் மூட்டையைக் கொடுத்துப் பார்த்தார்கள். அவள் தூக்கிக்கொண்டதும் அதற்கும் எடை போய்விட்டது. மிதப்பதைப் பற்றி டாக்டர் ஒரு வார்த்தை கேட்கவில்லை, படிவத்தில் அதற்குக் கட்டம் இல்லை. எடைக்கு இருந்தது. நாற்பத்தைந்து கிலோவுக்குக் குறைந்தால் கம்ப்யூட்டர் ஏற்காது என்றும், நாலு மணிக்குள் எடையோடு வந்தால் சரி, வராவிட்டால் பட்டியலில் அடுத்த ஆளைக் கூப்பிட்டுவிடுவார்கள் என்றும் சொல்லி அனுப்பினார்.

வீட்டுக்கு வந்து செங்கொடி அழுதாள். கண்ணீர் மட்டும் ஒழுங்காகத் தரையில் விழுந்தது. அம்மாவின் பாசத்தை நினைத்தால் அவளுக்கு ஆத்திரமாக வந்தது, அந்த ஆத்திரத்தை நினைத்தால் வெட்கமாக இருந்தது. கெங்கம்மா புடவை மாற்றிக்கொண்டாள். கஸ்பார் வீட்டுக்குத்தான் போக வேண்டும், வேறு வழியில்லை.

அந்த வீட்டோடு நாற்பது வருஷப் பகை. துறைமுகத்தில் கெங்கம்மாவின் அப்பா நீலமேகம் தூக்க, கஸ்பாரின் அப்பா மேத்யூ இறக்க, இருவரும் ஒரே கேங்கில் வேலை பார்த்தவர்கள். ஒருநாள் கப்பலில் ஏற்ற வேண்டிய அம்பாசிடர் கார் ஒன்று அந்தரத்திலேயே நின்றுவிட்டது, பாதி வேலையில் ஆளைக் காணோம். கோபித்துக்கொண்டு போன மேத்யூ பதினோராம் நாள் போலீஸ் காவலோடு வந்து அதை இறக்கி வைத்தார். நடுவில் டீ குடிக்கப் போனது யார் என்பதில்தான் சண்டை. அன்றிலிருந்து இவர்கள் வீட்டு இட்லி உப்பாமல் அவர்கள் அமுக்கினார்கள். அவர்கள் வீட்டு ஆட்களுக்கு இவர்கள் பிரஷரை ஏற்றிவிட்டார்கள்.

பஸ்ஸில் கெங்கம்மா மகளின் துப்பட்டாவைக் கையில் சுற்றிக்கொண்டாள். இந்தப் பெண் நிற்கிறதா, உட்கார்ந்திருக்கிறதா என்று பேசின் பிரிட்ஜ் வரைக்கும் கண்டக்டருக்குப் பிடிபடவில்லை.

கஸ்பார் வீட்டுக்குள் போக மூன்று படி இறங்க வேண்டியிருந்தது. அவர் பிறந்தபோது மூன்று படி ஏற வேண்டுமாம். இறக்க எதுவும் கிடைக்காத ஏக்கத்தில் மனுஷன் வீட்டையே கொஞ்சம் கொஞ்சமாக இறக்கிக்கொண்டிருந்தார். செங்கொடியின் காலடியில் இருந்த இடைவெளியைப் பார்த்ததும் அவருக்கு முகமெல்லாம் மலர்ந்தது. உடனே பகை ஞாபகத்துக்கு வந்து முகத்தைச் சுருக்கிக்கொண்டார்.

"டீ குட்க்கப் போனது யாரு? அத்த சொல்லு மொதல்ல" என்றார்.

"எங்க நைனாதான். போதுமா? பொண்ணை எறக்கு" என்றாள் கெங்கம்மா.

கஸ்பார் ஆடிப்போய்விட்டார். நாற்பது வருஷமாகச் சேர்த்து வைத்திருந்த பதில்களை எங்கே வைப்பதென்று அவருக்குத் தெரியவில்லை. தன் அப்பாவும்தான் போயிருந்தார் என்று மெல்ல ஒப்புக்கொண்டார். இரண்டு பேரும் ஒரே கடையில், ஒரே பெஞ்சில் உட்கார்ந்து குடித்திருக்கிறார்கள். அதைக் கேட்டும் யாருக்கும் சிரிப்பு வரவில்லை. மணி இரண்டே முக்கால்.

அதற்கப்புறம் கஸ்பார் தொழில் முறையைச் சொன்னார். தூக்கினவர் சரக்குக்கு முதுகு காட்டி நிற்க வேண்டும். அவர் கண் சரக்கின் மேல் இருக்கிறவரைக்கும் அது இறங்காது.

கெங்கம்மா திரும்பி நின்றாள். கஸ்பார் கையை நீட்டினார். செங்கொடி அரை அங்குலம் இறங்கினாள். தாய் தோளுக்கு மேலே எட்டிப் பார்த்தாள், மகள் பழையபடி மேலே போனாள். இப்படியே நாலு தடவை. அப்பன் பெயரை விட்டுக்கொடுக்க ஒரு நொடி யோசிக்காதவளால் இதைச் செய்ய முடியவில்லை. கேபினிலிருந்து விழுந்தால் இனி தாங்க ஒன்றும் இருக்காது என்பது அவளுக்கும் தெரியும், மகளுக்கும் தெரியும்.

"அம்மா, எனுக்கு இந்த வேலை வோணும்" என்றாள் செங்கொடி.

கெங்கம்மா சுவரில் நெற்றியை முட்டிக்கொண்டு கண்ணை இறுக்க மூடினாள். இந்தத் தடவை திரும்பவில்லை. செங்கொடியின் குதிகால் சில்லென்ற தரையைத் தொட்டது. உடம்பு முழுக்கக் கனம் வந்து சேர்ந்தது. அவளுக்கு அம்மாவைக் கட்டிக்கொள்ள வேண்டும் போலிருந்தது.

"எறங்கிட்டேம்மா. திரும்பு."

"நீ மொதல்ல கெளம்பு" என்றாள் கெங்கம்மா சுவரைப் பார்த்தபடியே. "உன்னிய பாத்தேன்னா மறுபடியும் தூக்கிடுவேன்."