வெள்ளைத்தாள் ஒட்டிய இசைத்தட்டுகள்

முதலில் என் முட்டாள்தனத்தைச் சொல்லிவிடுகிறேன். பிறகு மற்றவரை ஏசினால் கொஞ்சம் நியாயமாக இருக்கும். ஒரு மனிதனின் பிழைப்பை நான் அழகான கையெழுத்தால் கெடுத்தேன்.

தொண்ணூறுகளின் நடுவில், நியூசிலாந்தில், ஒக்லாந்தின் மவுண்ட் ஆல்பர்ட்டில், ஒரு பழைய மரவீட்டில் ஓர் அறையில் வாடகைக்கு இருந்தேன். பக்கத்து அறையில் ஒரு டிஜே. லண்டனில் பிறந்த யாழ்ப்பாணத்துப் பிள்ளை. இங்கிலாந்தில் ரேவ் கூத்துகள் கொடிகட்டிப் பறந்த காலத்தில் வயல்வெளிகளில் பெருங்கூட்டத்தை ஆடவைத்தவர். சொந்தமாகவும் நாலைந்து இசைத்தட்டுகள் வெளியிட்டவர். அங்கே மவுசு குறைய, ஒக்லாந்துக்கு வந்து நகரத்துக் கிளப் ஒன்றில் வெள்ளிக்கிழமைகளைப் பிடித்திருந்தார்.

தகப்பனிடம் ஏச்சு வாங்கியே தமிழ் படித்தவர் என்பதால், அவருக்குத் தமிழில் ஏச மட்டும்தான் வரும். என்னைவிடப் பத்து வயது இளையவர், என்னை "டேய்" என்பார். நானும் சும்மா இருக்கவில்லை. அவர் அந்தப் பக்கம் தாளத்தை முடுக்கினால், நான் இந்தப் பக்கம் உரலில் மிளகு இடிப்பேன், தாளத்துக்குச் சற்றே பிந்தி.

ஒருமுறை அவர் ஒரே ஒரு பெட்டியோடு சிட்னிக்கு வாசிக்கப் போயிருந்தபோது கூரை ஒழுகி அவருடைய மற்றத் தட்டுப் பெட்டிகள் நனைந்துவிட்டன. சமாதானத்துக்கு இது நல்ல தருணம் என்று நினைத்து, எல்லாவற்றையும் எடுத்துத் துடைத்தேன். ஒவ்வொரு தட்டின் நடுவிலும் பெயர் தெரியாதபடி வெள்ளைத்தாள் ஒட்டியிருந்தது. பாதி நனைந்து கழன்றது. மீதியை நானே உரித்தேன்; அடியில் அச்சிட்ட பெயர்கள் தெரிந்தன. ஊரில் இரண்டு வருடம் ரெக்கோடிங் பார் என்கிற பாட்டுப் பதியும் கடையில் கசெட்டுகளுக்குப் பாட்டு விபரம் எழுதியவன் நான். பெயரில்லாத பாட்டைக் கண்டால் கை சும்மா இருக்காது. உறைகள் எல்லாம் நனைந்து போனதால் புது உறை போட்டு, முகப்பில் பாட்டின் பெயர், போட்டவர் பெயர், வரிசை எண். நல்லவற்றுக்குச் சிவப்பு மையில் கோடு.

வெள்ளிக்கிழமை அவர் விமானத்தால் இறங்கி, பெட்டிகளைத் திறந்தும் பாராமல் கிளப்புக்குக் கொண்டுபோனார். அவருடைய இடத்துக்குக் கண்வைத்திருந்த உள்ளூர் டிஜே ஒருவன் வழக்கம்போல் பெட்டிக்குப் பக்கத்தில் நின்றிருக்கிறான். மங்கல் வெளிச்சத்திலும் என் எழுத்து தெளிவாகத் தெரிந்ததாம். இவர் கண்டு பெட்டியை மூடுவதற்குள் அவன் நோட்டுப் புத்தகத்தில் ஒரு பக்கம் நிரப்பிவிட்டான்.

அன்றிரவு அவர் வந்து என் கதவை உதைத்தபோதுதான் அந்தத் தொழிலின் சட்டம் எனக்குத் தெரிந்தது: மற்றவனிடம் இல்லாத தட்டு எவனிடம் இருக்கிறதோ அவனுக்கே கூட்டம். தாள் ஒட்டுவது அதைக் காக்கத்தான். இடையிடையே வந்த ஏச்சில் பாதி, என் அப்பாவின் வாயில் கேட்டது.

சில வாரங்களில் அதே தட்டுகள் லண்டனிலிருந்து தபாலில் அந்த உள்ளூர் டிஜேக்கும் வந்தன. வெள்ளிக்கிழமைகள் அவன் கைக்குப் போயின. லின்ஃபீல்டில் இருந்த மச்சானிடம் ஆறுதலுக்குப் போனேன்.

"அந்தாள் ஒளிச்சு வச்சதை நீ நம்பர் போட்டெல்லோ குடுத்திருக்கிறாய்," என்றான். "சிவப்புக் கோடு வேற."

அவர் லண்டனுக்கே திரும்ப முடிவெடுத்தார். வீட்டு நடையில் பெட்டிகளைக் கயிற்றால் இறுக்கிக் கட்டிக்கொண்டிருந்தார். ஏதாவது செய்யாவிட்டால் என் மனம் ஆறாது போலிருந்தது. பேனையோடு கிட்டப்போய், பெட்டிகளுக்கு விலாசத்தை நான் வடிவாக எழுதித் தரட்டோ என்று கேட்டேன்.

அவர் நிமிரவில்லை.

"பேனையைக் கீழ வையடா."